மோட்டார் ஏன் இழுக்கவில்லை

படகு மோட்டார் இழுக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் பிளக்கைத்தான் கழற்றுகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. பிளக் பாவம், அது வரிசையில் கடைசியாக நிற்பது. அதற்கு முன்னால் பெட்ரோல் எத்தனையோ இடம் தாண்டி வரவேண்டியிருக்கிறது. டேங்கில் தொடங்கி, பெட்ரோல் போகிற வழியிலேயே நாமும் போகவேண்டும். டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, வடிகட்டியில் குப்பை சேர்ந்திருக்கிறதா. அதையெல்லாம் பார்த்த பிறகுதான் மோட்டாரின் மூடியில் கை வைப்பேன். முப்பத்தோரு வருடமாக அப்படித்தான்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டனுப்பவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். அதனால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன் ஐயா. நடுவில் ஏதாவது கேட்பதாக இருந்தால் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.

அந்த மோட்டார் என் தங்கை வீட்டுக்காரருடையது. இரண்டு சிலிண்டர், என் தங்கையின் கல்யாணத்துக்கு முன்பே பழசாகிவிட்ட மோட்டார். மாப்பிள்ளை நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்பார். படகுத்துறையில் அவருக்கு ‘சரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. “சரி எங்கே?” “சரி வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டு சரி என்பார்.

சென்ற வருடம் மழை முடிந்த சமயத்தில் அவர் வந்து, “மச்சான், மெதுவா போனா நல்லா ஓடுது. முழுசா முறுக்கினா கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்குது,” என்றார். அவர் சொன்னது சரியான விவரம். மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்து, வேகத்தில் மட்டும் சக்தி குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். நான் டேங்க் பார்த்தேன், வடிகட்டி பார்த்தேன், பெட்ரோல் பம்பின் சவ்வைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தொட்டித் தண்ணீரில் மோட்டாரை மாட்டி ஓடவிட்டேன். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். அரை நிமிடம் சத்தத்தைக் கேட்டாள். பிறகு குனிந்து, டேங்கிலிருந்து வருகிற கறுப்பு டியூப்பை விரலால் நீவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“இங்கதாண்ணா. மேல நல்லா இருக்கு. உள்ள தோல் உரிஞ்சிருக்கு. வேகமா இழுக்கும்போது உள்தோல் ஒட்டிக்குது.”

வெட்டிப் பார்த்தேன். அவள் விரல் வைத்த இடத்தில்தான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் காது கேட்பது ஏழெட்டு வருடமாகவே குறைந்துகொண்டு வந்தது. மனிதர்கள் பேசுவது ஓரளவு கேட்கும். உதட்டையும் பார்த்துக்கொள்வேன். ஆனால் மோட்டாரின் சத்தத்தில் இருக்கிற நெளிவுசுளிவு போய்விட்டது. எனக்கு எல்லா மோட்டாரும் ஒரே மாதிரிதான் இரையும். துறையில் இது யாருக்கும் தெரியாது. ஒரு படகு பழுதுக்கு வந்தால் தங்கை ஏதாவது வேலையாக வாசல் பக்கம் வருவாள். மேல் சிலிண்டர் தட்டினால் ஒரு விரல், கீழ் சிலிண்டர் என்றால் இரண்டு விரல், தண்ணீரைத் தள்ளுகிற விசிறியில் கோளாறு என்றால் கையை விரித்துக் காட்டுவாள். நான் தலையைச் சாய்த்து யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு அதைச் சொல்வேன். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பக்கத்தில் என் பேர் அப்படி நின்றது.

அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்று. அவளை நான்தான் வளர்த்தேன். அவளுக்குத் தலை பின்னிவிடத் தெரியாமல், கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி அனுப்புவேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமான பிறகும் அவளும் மாப்பிள்ளையும் என் பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறையில்தான் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை. சாப்பாடு மூன்று பேருக்கும் ஒன்றாக. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவை ஏற்படவில்லை.

அந்த டியூப்பை அன்றைக்கே மாற்றிவிட்டேன். மோட்டார் நன்றாக இழுத்தது. பழைய டியூப்பில் வெட்டிய இடத்தைக் கழித்துவிட்டு, உரிந்த உள்தோல் இருந்த மீதி நீளத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு வேலைக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெரிய துறைமுகம் இருக்கிறதே, அங்கே. கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. சொந்தப் படகோடு வரவேண்டும், படகை அவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், தேறினால் வீடும் உண்டு. அன்றைக்குச் சாப்பிடும்போது தங்கைதான் சொன்னாள்.

“நீயும் வந்துடுண்ணா. அங்க இதைவிடப் பெரிய ஒர்க்‌ஷாப் எல்லாம் இருக்கு.”

“அங்க போய் நான் என்ன பண்றது?”

“காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிக்க. எத்தனை நாளைக்கு நான் விரலைக் காட்டிக்கிட்டே இருப்பேன்?”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன்.

மறுநாள் ஆணியில் இருந்த பழைய டியூப்பை எடுத்து அவர் படகில் மாட்டினேன். அதே கறுப்பு. நீளம் ஒரு சாண் குறைவு, அவ்வளவுதான்.

இது அவர்களுடைய நன்மைக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். புது ஊர், தெரியாத மனிதர்கள், எதற்கும் ‘சரி’ என்கிற ஒரு ஆள். அவரை அங்கே ஆளாளுக்கு மிதிப்பார்கள். தங்கை என்னை விட்டுப் போய்க் கஷ்டப்படுவாள். காது விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முதல் தடவை அவர் புறப்பட்டபோது முகத்துவாரத்துக்கு முன்பே மோட்டார் தளர்ந்து, திரும்பி வந்துவிட்டார். துறைமுகத்தில் கேட்டு இன்னொரு தேதி வாங்கினார். நான் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். அதில் அழுக்கே இல்லை. இருந்தாலும் சுத்தம் செய்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது தடவையும் திரும்பிவந்தார். “உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கிறேன் மச்சான்,” என்றார். பரவாயில்லை என்றேன்.

இரண்டு தடவையும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது தேதி கொடுக்கும்போது துறைமுகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம், இதுவும் தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு என்று. அந்தத் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கை பட்டறைக்குள் வந்தாள். நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் என் தோளைத் தொட்டுத் திருப்பி, என் முகத்துக்கு நேரே நின்று பேசினாள். நான் உதட்டைப் பார்த்தால்தான் சரியாகப் புரிந்துகொள்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

“படகைக் கழுவப் போனேன். அந்த டியூப் பழசு.”

நான் கையைத் துணியில் துடைத்தேன்.

“புதுசு மாத்தினப்ப நான் பக்கத்துல இருந்தேன். வெட்டினது நீ. தானா எப்படிண்ணா அது மறுபடியும் அங்க போகும்?”

“தப்பா எடுத்து மாட்டிருப்பேன்.”

“நீயா?”

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். 

“நான் அவர்கிட்ட சொல்லல. சொன்னா அவர் அதுக்கும் சரின்னுதான் சொல்வார். அதை என்னால பாக்க முடியாது. நீயே மாத்திடு. இத்தோட விட்டுடலாம்.”

“சரி,” என்றேன்.

“என் எதிர்ல மாத்து.”

மாற்றினேன். கடையில் வாங்கிவந்த புது டியூப், புது கிளிப். அவளே தொட்டியில் மோட்டாரை ஓட்டிக் கேட்டாள். முழு வேகத்தில் பத்து நிமிடம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மேலே போனாள். பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை இருந்தது. படியேறும்போது என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். முன்னே சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

அவர்கள் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளை மட்டும் படகில் போவது, தங்கை சாமான்களோடு லாரியில் போவது என்றுதான் ஏற்பாடு. லாரி ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. நான் துறைக்கு வழியனுப்பப் போயிருந்தேன். காற்று அதிகம் இல்லை. நீர் வற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய்ந்து முகத்துவாரத்தில் கடல் அலையோடு மோதும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் முழு வேகத்தில் ஏறிப் போகவேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஏழு பத்துக்குத் தங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

“லாரில வரலியா?” என்று கேட்டேன்.

“எதிர்வீட்டு அக்காகிட்ட சாவி குடுத்துட்டேன். அவங்க ஏத்திவிடுவாங்க. நான் இவரோட போறேன். மோட்டார் சத்தம் மாறினா இவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். உதட்டை வைத்துத்தான் படித்தேன். “எல்லாம் பாத்துட்டியாண்ணா?”

“பாத்துட்டேன்.”

அது பொய் இல்லை. நான் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன்.

ஏழு பதினெட்டுக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். நான்தான் அவிழ்த்து உள்ளே எறிந்தேன். நடுவில் எட்டு நிமிடம் இருந்தது. அந்த எட்டு நிமிடத்தில் மாப்பிள்ளை டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்தார். அது மூடியிருந்தால் பெட்ரோல் வராமல் மோட்டார் நின்றுவிடும். என் கண்ணால் பார்த்தேன். கட்டிவைத்த படகுகளுக்கு நடுவே மெதுவாகத்தான் போகவேண்டும் என்பதால் அவர்கள் போவது ரொம்ப நேரம் தெரிந்துகொண்டிருந்தது. தங்கை மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

துறையில் பனிக்கட்டிக் கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவர்தான் சட்டென்று பேச்சை நிறுத்திக் கையை உயர்த்தினார்.

“சத்தம் நின்னுபோச்சே.”

எனக்குக் கேட்டிருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு முப்பத்தேழு.

“முகத்துவாரத்துல வச்சு எதுக்கு நிறுத்துறாரு? போய்ப் பாத்துட்டு வருவமா? உங்க பட்டறைப் படகு தண்ணிலதான கிடக்கு.”

“திரும்ப ஸ்டார்ட் பண்ணிடுவாங்க,” என்றேன். “தங்கச்சி இருக்கா.”

அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். மோட்டாரைப் பற்றி நான் சொன்னால் அந்தத் துறையில் மறுபேச்சு கிடையாது. அவர் ஐஸ் உடைக்கப் போய்விட்டார். நானும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறொரு படகு உள்ளே வந்து ஆட்கள் கத்தியபோது மணி எட்டாக ஐந்து நிமிடம்.

மோட்டார் நின்றதும் படகு அலையில் கவிழ்ந்திருக்கிறது. மாப்பிள்ளை சிவப்பு டேங்கைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். பாதிதான் பெட்ரோல் இருந்ததால் அது மிதந்தது. தங்கையிடம்தான் முதலில் அதைத் தள்ளினாராம். அவள் பிடித்தாளாம். அடுத்த அலையில் டேங்க் மட்டும் அவரிடம் திரும்பி வந்ததாம். அவளை மறுநாள் மதியம்தான் கண்டெடுத்தார்கள். நான் போய் அடையாளம் சொன்னேன். அவள் தலைமுடி அவிழ்ந்து மணலாக இருந்தது. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவிவிட்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் ஏன் மச்சான் நின்றது, புது டியூப்தானே, ஏன் நின்றது. நர்ஸ் ஊசி போட்டும் தூங்கவில்லை. ஒரு மனிதனை அப்படியே விட்டுவிட முடியாது. அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

“காத்துத் திருகத் தெறந்தீங்களா மாப்ள?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார்.

“தெறந்தேன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, “சரி மச்சான்,” என்றார். அன்றைக்குத் தூங்கினார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று சொன்னார்கள். இப்போது அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. பட்டறையை நாலு நாள் மூடியிருந்து திறந்தேன். வந்த வேலையை எடுத்துக்கொண்டேன். வாசல் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

இப்படியே இருந்திருப்பேன். போன வாரம் உங்கள் விசாரணை அறிக்கையைத் துறை அலுவலகத்தில் ஒட்டினார்கள். நான் போய்ப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். டேங்கைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். அது நல்ல வேலை, பெட்ரோல் போகிற வழியிலேயே போயிருக்கிறீர்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்று கிடந்தது, அது உறிஞ்சு குழாயின் வாயை அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதுவும் சரி. அதற்கு அடுத்த வரிதான் சரியில்லை. புது உதிரிபாகத்தைச் சுற்றிவந்த உறை கிழிந்து டேங்குக்குள் விழுந்திருக்கலாம், உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கவேண்டிய சல்லடை பழசாகிக் கழன்றிருக்கலாம், இது பழுதுபார்த்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என் பட்டறைப் பெயரும் போட்டிருக்கிறது. துறையில் வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படிக்கிறான். இரண்டு படகுக்காரர்கள் பழுதுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சல்லடை கழன்று விழவில்லை. நான் எடுத்தேன். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். அந்தத் தாளும் உள்ளே விழவில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் அவர்கள் இரண்டு பேரும் மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தார்கள். அப்போது கத்தரிக்கோலால் மூன்று துண்டு வெட்டினேன். மூலைகளை வளைத்து வெட்டினேன், எங்கேயும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. தொட்டியில் மோட்டாரை மாட்டி, ஒவ்வொன்றாக டேங்கில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சின்னத் துண்டு குழாய்க்குள்ளே மடங்கிப் போய் ஒன்றும் செய்யவில்லை. பெரிய துண்டு, மோட்டாரைக் கிளப்பிய அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டது. நடுத்துண்டு மெதுவாக ஓடும்வரை சும்மா மிதந்தது. முழு வேகத்துக்குப் போனதும் மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் வாயை அடைத்தது. மோட்டார் நின்றதும் விலகிவிட்டது, திரும்ப வேகம் எடுத்ததும் அடைத்தது. இரண்டு முறை சோதித்தேன்.

அவர் தனியாகப் போவார் என்று நினைத்தேன். அவருக்கு நீச்சல் தெரியும். படகு கவிழும், படகு போனால் வேலை போகும், அவ்வளவுதான். அவள் ஏறியபோது அந்த எட்டு நிமிடம் எனக்கு இருந்தது என்பதை முன்பே சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். இறங்கி, டேங்கைத் திறந்து பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்திருப்பாள்.

பெரிய துண்டைப் போட்டிருந்தாலும் அவர்கள் போயிருக்க முடியாது. படகு துறையிலேயே நின்றிருக்கும். ஆனால் துறையில் நின்றால் அவள் வந்து காது கொடுத்துக் கேட்பாள். அவளுக்குத் தெரியாமல் போகாது. அதனால்தான் நடுத்துண்டு.

இவ்வளவும் யோசித்து, வெட்டி, நேரம் பார்த்து, சோதித்துச் செய்தது. என் வாழ்நாளில் இதைவிடக் கவனமாக ஒரு வேலை செய்ததில்லை. அந்த அறிக்கையில் கவனக்குறைவு என்று இருக்கிற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.